நாற்பத்தோராவது ஆள்

பேட்டரியில் நூற்றுக்கு முப்பத்தொன்று.
கரண்ட் மாலை ஐந்தரைக்கே போய்விட்டது,
மேல் டிவிஷனில் மண் வெடித்த அதே நேரம்.
ஹல்துமுல்லைக்கே சிவப்பு எச்சரிக்கை.
அம்மா அரிசி எடுத்தாள்,
தம்பி அடையாள அட்டைகளை.
நான் மடிகணினியைப் படங்கில் சுற்றிக்கொண்டு
லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன்,
இன்னும் எங்குமே உருவாகாத ஒரு பளிங்கின்
இருநூற்றுப் பன்னிரண்டாம் தலைமுறையோடு.

கேட்டவர்களுக்குச் சொன்னேன்:
நீண்ட துணிக்கைகள், அரிசி மாதிரி.
ஆனால் அரிசிபோல் விறைப்பில்லை,
குழைந்த சோற்றுப் பருக்கை.
நெருக்க நெருக்க எப்படி அடுக்காகும் என்று
முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறேன்.
"சொன்னா?" என்றார் கொழுந்து நிறுக்கும் மருதவீரன்.
சொன்னால் அவ்வளவுதான் என்றேன்.
அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

நூறு சாலகங்களைக் கண்ணை மூடிப் பிறப்பிப்பேன்.
சக்தி கூடியவை சாகும்.
மிஞ்சியவற்றைச் சோடி சேர்த்து,
ஒரு கோணத்தை வேண்டுமென்றே பிசகவிட்டு,
மறுபடி நூறு.
அவசரப்பட்டுக் கொன்றுவிடக் கூடாது.
கொன்றால்
முதலில் வந்த பள்ளத்திலேயே கணக்குத் தேங்கிவிடும்;
அதைவிட ஆழமானது
அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.
(பள்ளம், மேடு என்றெல்லாம்
இன்று ராத்திரி இங்கே சத்தமாகச் சொல்ல முடியாது.)

எட்டாந்தர வகுப்பறை, இருபதுக்கு இருபத்துநாலு அடி.
மேசைகள் வராந்தாவில்.
பன்னிரண்டு பேர் இருந்தபோது
ஆளுக்கொரு திசையில் கிடந்தோம்.
இருபதானபோது யாரும் சொல்லாமலே
எல்லாத் தலையும் சுவரோரம் திரும்பிற்று.
முப்பதில்
தலைக்குப் பக்கத்தில் அடுத்தவர் கால்.
நாற்பது ஆனதும்
காலடி வரிசைக்குக் குறுக்கே பிள்ளைகள் நாலு,
அவர்கள்மேல் ஒரு கம்பளி, கம்பளிக்குள் யாரோ ஒருவரின் பாதம்.
இது என் பட்டியலில் இல்லை.
சாக்குக்கட்டி தேடி
கரும்பலகையின் கீழ் மூலையில் சின்னதாக வரைந்தேன்.

இரண்டேகாலுக்குக் கதவு.
கிராம உத்தியோகத்தரின் டோர்ச் வெளிச்சத்தில் செபமாலை,
ஒரு காலில்தான் செருப்பு.
மற்றக் கால் முழங்கால் வரை மேல் டிவிஷன்.

"எடமில்லையே" என்றது இருட்டு.
உண்மைதான். அளந்து பார்த்தாலும் இல்லை.
விறைத்த கோல்களென்றால்
வாய்பாடு அங்கேயே முடியும்:
ஒன்றுக்குள் ஒன்று புகக் கேட்கும் விலை முடிவிலி.
மென்துணிக்கைக்கும் விலை உண்டு,
ஆனால் எண்ணி முடிக்கலாம்.

புஷ்பலீலா முழங்கையை உள்ளே இழுத்தாள்.
அவள் புருஷன் தூக்கத்திலேயே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் புரண்டான்.
ஒரு பிள்ளை தாயின் வயிற்றுமேல் ஏறியது.
அந்த அசைவு கரும்பலகைவரை போய்
மருதவீரனின் தலையைச் சுவர் மூலைக்குள் மடித்துவிட்டுத்
திரும்பி வந்தபோது
கதவோரம் ஒரு ஆள் நீளத்துக்குத் தரை தெரிந்தது.
செபமாலை ஈரத்தோடு படுத்தார்.
முதலில் நடுங்கினார்,
பிறகு பக்கத்திலிருந்தவர்களும் கொஞ்சம் நடுங்கினார்கள்,
பிறகு எல்லோரும் நின்றார்கள்.

மூன்று மணிக்குப் பேட்டரி செத்தது.
ஐந்துக்கு யாரோ தேத்தண்ணிக்கு எழும்ப
முழு அமைப்பும் ஒரு நிமிஷத்தில் குலைந்தது.
மலை அன்றைக்கு இறங்கவில்லை.

பேராதனைக்குத் திரும்பியதும்
கரும்பலகைப் படத்தைக் கணினிக்குக் கொடுத்தேன்.
உள்ளூர ஆசைதான்.
மூன்றாம் தலைமுறையில் அதைக் கொன்றுவிட்டது.
சக்தி கூடவாம். கொஞ்ச நஞ்சமில்லை.
இரண்டு தரம் சரிபார்த்தேன், கணக்கில் பிழையில்லை.

அந்தக் கூடுதலை அன்றைக்கு யார் கட்டினார்கள் என்று
அந்த அட்டவணையில் நிரல் கிடையாது.
தம்பி போனில் சொன்னான்:
மருதவீரனுக்கு நாலு நாளாகக் கழுத்துத் திரும்பவில்லையாம்,
தராசை ஒருக்களித்து நின்றே பார்க்கிறாராம்.